உப்பு இறங்கும்போது

1950களின் நடுவில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கூ என்ற மருத்துவர் கரையோர நண்டுகளின் கால்களைப் பிளந்து, நரம்பை உருவியெடுத்து, அரைத்துக்கொண்டிருந்தார். நண்டின் மேல் அவருக்குத் தனிப்பட்ட ஈடுபாடு ஏதும் கிடையாது. மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த மருந்து நரம்பின் சவ்வில் என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். அதைத் தேடிப் போனவருக்கு வேறொன்று அகப்பட்டது. நண்டு நரம்பின் சவ்வில் ஒரு நொதி இருந்தது. சோடியமும் பொட்டாசியமும் ஒருசேர இருக்கும்போது அது ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை மும்முரமாக உடைத்தது. கட்டுரை 1957இல் வெளியானது. நோபல் பரிசு 1997இல் வந்தது. ஸ்கூ அதற்குப் பிறகும் இருபது வருடம் இருந்து, நூறு வயதை எட்டச் சில மாதங்களே இருக்கையில் 2018இல் காலமானார்.

அந்த நொதியை இன்று சோடியம் பம்ப் என்கிறோம். ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். பள்ளிப் பாடத்தில் இது நரம்பின் மின்துடிப்பு பற்றிய அத்தியாயத்தில் வரும். சமிக்ஞை அனுப்புவதற்காகவே உண்டான ஏற்பாடு என்ற எண்ணத்தோடு மாணவன் பக்கத்தைப் புரட்டிவிடுவான். ஆனால் சமிக்ஞை எதையும் அனுப்பாத செல்களிலும் அது இருக்கிறது. 1960இல் டாஸ்டெசனும் ஹாஃப்மனும் செம்மறியாட்டின் சிவப்பணுக்களை வைத்து விளக்கியது அதன் இன்னொரு வேலையை, ஒருவேளை அதன் மூத்த வேலையை: செல்லை அதன் அளவிலேயே வைத்திருப்பது.

சிக்கல் இதுதான். செல்லுக்குள் புரதங்களும் நியூக்ளிக் அமிலங்களும் பாஸ்பேட்டுகளும் அடைந்து கிடக்கின்றன. பெரும்பாலும் எதிர்மின் ஏற்றம் கொண்டவை, உருவத்தால் பெரியவை, சவ்வைத் தாண்டி வெளியே போக முடியாதவை. அவை நேர்மின் அயனிகளைத் தம்மை நோக்கி இழுக்கும். அயனிகள் தண்ணீரை இழுக்கும். ஃபிரெடரிக் டானன் என்ற வேதியியலர் 1911இல் எழுதிய சமன்பாட்டை விலங்குச் செல்லுக்குப் பொருத்திப் பார்த்தால், கிடைக்கும் விடை கொஞ்சம் பயமுறுத்துவது. சும்மா விட்டால் செல் உப்பிக்கொண்டே போய் வெடிக்க வேண்டும். பொத்தல் தோணியில் உட்கார்ந்து இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருக்கிறவனின் நிலைமை செல்லுக்கு. ஒரே வித்தியாசம், அவன் இறைப்பது தண்ணீரை, இது இறைப்பது உப்பை. தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ளத் தனி எந்திரம் விலங்குச் செல்லின் சவ்வில் இல்லை. உப்பைத் தள்ளினால் தண்ணீர் அதன் பின்னால் தானே போகும்.

மூளையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு இந்த பம்ப்புக்குத்தான் போகிறது. சிந்தனைக்கு ஆகும் செலவு என்று நாம் பெருமையாக நினைத்துக்கொண்டிருப்பதில் கணிசமான பகுதி, உள்ளே கசியும் உப்பை இறைப்பதற்கான கூலி.

ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 140இல் இருந்தது சட்டென்று 126க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு இறக்கம். செல்லுக்குள் பழைய செறிவு, வெளியே புதிய செறிவு. அந்த வேறுபாட்டைச் சவ்வு முட்டுக்கொடுத்துத் தடுக்க வேண்டுமானால் 500 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்க வேண்டும். நம் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைப் போல நான்கு மடங்கு. சவ்வின் தடிமனோ சுமார் 5 நானோமீட்டர். தாவரச் செல்லுக்குச் சுவர் இருக்கிறது, எதிர்த்து நிற்கும். விலங்குச் செல்லுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் வருகிறதென்றால் உள்ளே விட்டே ஆக வேண்டும். பிறகு உள்ளே இருப்பதில் எதையாவது வெளியே போட்டு அளவைத் திரும்பப் பிடிக்க வேண்டும். எதைப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் நரம்பு செல்லின் மொத்தக் கதையும் இருக்கிறது.

நண்டுக்கே திரும்புவோம். ஸ்கூ எடுத்துக்கொண்ட ஐரோப்பியக் கரையோர நண்டு கழிமுகங்களில் வாழக்கூடியது. கடல் ஏறும்போது உப்புநீர், வற்றும்போது ஆற்றுநீர். நம் பழவேற்காட்டு ஏரியின் சேற்று நண்டுக்கும் இப்படித்தான். கோடையில் ஏரி கடலளவுக்கும் அதற்கு மேலும் உப்பேறும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் வந்து இறங்கியதும் உப்பு சரிந்துவிடும். நண்டின் ரத்தமும் ஓரளவு நீர்த்துப்போகும். அந்த நிலையிலும் அதன் நரம்பு வேலை செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் கொக்கின் வாய்க்குள் போக வேண்டியதுதான். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மார்செல் ஃப்ளோர்கினும் எர்னஸ்ட் ஷோஃபெனீல்ஸும் இதை வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். நீர்த்த நீருக்குப் போகும் நண்டு வகைகளின் தசையிலும் நரம்பிலும் அமினோ அமிலங்கள் குறைகின்றன. உப்புநீருக்குத் திரும்பினால் கூடுகின்றன. கிளைசின், புரோலின், குளூட்டமேட், டாரின். புரதம் கட்டும் செங்கல் என்று நாம் படித்த பொருளை நண்டு வெறும் எடைக்கல்லாகவும் வைத்திருக்கிறது.

உப்பையே ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளக் கூடாதா? கூடாது. செல்லுக்குள் சோடியம், பொட்டாசியம், குளோரைடு அளவு மிகவும் மாறினால் புரதங்கள் வடிவம் கெட்டு வேலையை விட்டுவிடும். டாரின், இனோசிடால் போன்ற சின்னஞ்சிறு கரிமப் பொருட்கள் அப்படியல்ல. கூடினாலும் குறைந்தாலும் பக்கத்துப் புரதத்தைத் தொந்தரவு செய்யாதவை. பால் யான்சியும் சகாக்களும் 1982இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை பாக்டீரியாவிலிருந்து சுறா வரை இந்த ஒரே உத்தி திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக்காட்டியது. சுறா தன் உடம்பில் ஏராளமாக யூரியாவைத் தேக்கி வைக்கும். யூரியா புரதத்தைக் கெடுக்குமென்பதால் அதற்கு மாற்றாக டிரைமெத்திலமீன் ஆக்சைடையும் சேர்த்து வைக்கும். பழைய கடல்மீனின் கவிச்சு நாற்றம் இந்த இரண்டாவது பொருள் பாக்டீரியாவால் சிதைவதால் வருவது. மீன் மார்க்கெட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர், கடலின் உப்போடு மீன் செய்துகொண்ட பழைய உடன்படிக்கையை முகர்ந்துகொண்டு போகிறார்.

மனிதனுக்கு ஏற்றவற்றம் இல்லை. சிறுநீரகமும் ஒரு ஹார்மோனும் சேர்ந்து ரத்தத்தின் உப்பை வாழ்நாள் முழுக்க ஒரு குறுகிய வரம்புக்குள் வைத்திருக்கின்றன. பிறகு நம் மூளை செல்களுக்கு நண்டின் சரக்கு எதற்கு? டாரின், குளூட்டமேட், கிரியேட்டின், மயோ-இனோசிடால் எல்லாம் அங்கே நிறைய இருக்கின்றன. மற்ற வேலைகளும் அவற்றுக்கு உண்டு. ஆனாலும் உப்பு இறங்கும் நாளில் அவை என்ன பாடுபடுகின்றன என்று பார்த்தால் வேறொரு காரணமும் தெரியும். அது மண்டையோடு. எடின்பரோவில் அலெக்சாண்டர் மன்ரோ 1783இல் சொன்னார், 1824இல் ஜார்ஜ் கெல்லி பிரேதப் பரிசோதனைகளோடு வலுவூட்டினார்: எலும்புப் பெட்டிக்குள் மூளை, ரத்தம் ஆகியவற்றின் கூட்டு அளவு மாற முடியாது, ஒன்று பெருத்தால் இன்னொன்று இடம்விட வேண்டும். கால் வீங்கினால் செருப்பைக் கழற்றிவிடலாம். மூளை பத்து சதவீதம் வீங்குவதைக்கூட மண்டையோடு பொறுக்காது.

ரத்தத்தில் சோடியம் இறங்கியதும் மூளைக்குள் வரும் தண்ணீர் பெரும்பாலும் முதலில் ஆஸ்ட்ரோசைட் என்னும் துணை செல்களின் வழியாக வருகிறது. ரத்தக்குழாய்களைச் சுற்றி அவை பதித்திருக்கும் பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற நீர்ப்புழைகள் நெருக்கமாக இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் மான்லியும் வெர்க்மனும் 2000ஆம் ஆண்டில் அந்தப் புழை இல்லாத எலிகளை உருவாக்கி, உடம்பில் திடீரென்று தண்ணீரை ஏற்றிப் பார்த்தார்கள். அவை சாதாரண எலிகளைவிட நன்றாகப் பிழைத்தன. நம்மிடம் இருக்கும் ஒரு கதவு இல்லாதிருப்பதே பாதுகாப்பாக அமையும் நேரமும் உண்டு என்று தெரிந்தது.

நரம்பு செல் என்ன ஆகிறது? இங்கே ஒரு தகராறு இருக்கிறது. கனடாவின் கிங்ஸ்டனில் டேவிட் ஆண்ட்ரூவின் குழு 2007இல் உயிருள்ள மூளைச் சீவல்களை நீர்த்த கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தது. ஆஸ்ட்ரோசைட்கள் உப்பின. பிரமிடு வடிவ நரம்பு செல்கள் அசையவில்லை. நீர்ப்புழையே இல்லாததால் தண்ணீர் அவற்றுக்குள் எளிதில் நுழைவதில்லை என்றார்கள். பத்து வருடம் கழித்து கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் ஃபியாக்கோவின் குழு இதே கேள்வியைத் தன் சீவல்களில் கேட்டது. இரண்டு வகை செல்களும் சேர்ந்தே வீங்கின. எனக்கு இந்தத் தகராறு பிடித்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வட்டம், ஓர் அம்புக்குறி, பக்கத்தில் பெரிதான ஒரு வட்டம் என்று முடித்துவிடும் விஷயம், நிஜமான செல்லை நிஜமான நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு நகரங்களில் இரண்டு விதமாகத் தெரிகிறது.

மறுப்பில்லாமல் எல்லாரும் ஒப்புக்கொள்வது ஒன்று. ஆற்றல் தீர்ந்து பம்ப் நின்றால் நரம்பு செல் வீங்கியே தீரும். பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டைட்ஸ் லேயாவ் 1944இல் முயலின் மூளைப்புறணியில் ஓர் அலையைக் கண்டார். நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்று நகர்ந்து, போகும் வழியெல்லாம் மின்செயலை அணைத்துவிட்டுப் போகும் அலை. அது கடக்கும்போது நரம்பு செல்களின் கிளைகள் மணிமணியாக உப்பிப்போவதை இன்று நேரடியாகப் பார்க்க முடிகிறது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் பம்ப் எழுந்து உப்பை இறைத்துக் கிளைகளைப் பழையபடி ஆக்கிவிடும். பக்கவாதத்தில் அடைபட்ட குழாயின் கீழே அப்படி எழுவதில்லை. டானனின் சமன்பாடு அங்கே தன் விடையை எழுதி முடிக்கிறது.

உப்பு மட்டும் இறங்கி ஆற்றல் குறையாத மூளைக்கு அவகாசம் இருக்கிறது. செல் வீங்கியதும் சவ்வில் சில வாசல்கள் திறந்து, பொட்டாசியமும் குளோரைடும் வெளியேறத் தொடங்கும். குளோரைடு போகும் வாசலின் மின்னோட்டம் 1980களின் இறுதியிலேயே பதிவாகிவிட்டது. எந்தப் புரதம் அந்த வாசல் என்று தெரிய 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெர்லினில் தாமஸ் யென்ட்சின் ஆய்வகமும் கலிஃபோர்னியாவில் ஆர்டெம் படபூட்டியனின் ஆய்வகமும், மனித மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து, ஒரே ஆண்டில் ஒரே புரதத்தில் வந்து நின்றன. எல்ஆர்ஆர்சி8ஏ என்று வாயில் நுழையாத பெயர். படபூட்டியன் தரப்பு ‘ஸ்வெல்1’ என்று செல்லப்பெயர் வைத்தது. (தொடுவுணர்வு வாசல்களைக் கண்டதற்காக 2021இல் நோபல் பெற்றவர் அவர்.) இந்த வாசலின் விசேஷம், குளோரைடோடு நின்றுவிடாமல் டாரினையும் குளூட்டமேட்டையும் விடும் என்பது. நண்டின் எடைக்கற்கள் வெளியேறுவது இந்த வழியாகவும்தான்.

ஆனால் மூளையில் குளூட்டமேட் வெறும் எடைக்கல் இல்லை. நரம்பு செல்லை உசுப்பிவிடும் முதன்மையான சமிக்ஞை அதுவே. அமெரிக்காவின் ஆல்பனியில் ஹெரால்ட் கிமெல்பெர்க் 1990இல் வளர்ப்புத் தட்டிலிருந்த ஆஸ்ட்ரோசைட்களை வீங்கவைத்தபோது, அவை குளூட்டமேட்டையும் டாரினையும் கொட்டின. மூளையில் செல்களுக்கு இடையிலுள்ள வெளி மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்குதான். செல்கள் வீங்கினால் அதுவும் சுருங்கும். சுருங்கிய சந்துக்குள் உசுப்பும் பொருள் வந்து சேர்கிறது. சோடியம் சட்டென்று இறங்கியவர்களுக்கு வலிப்பு வருவதில் இதற்கும் பங்கு உண்டு. அளவைக் காப்பாற்ற எறிந்த பொருள் பேச்சைக் கெடுக்கிறது. டாரின் நேர்மாறு, அது அமைதிப்படுத்தும். மெக்சிகோவில் எர்மினியா பசாந்தெஸ்-மொராலெஸ் தன் ஆய்வு வாழ்க்கையில் பெரும்பகுதியை இந்த ஒரு மூலக்கூறுக்குக் கொடுத்தார். காளையின் பித்தநீரில் முதலில் கண்டெடுத்த, சக்தி பானங்களின் டப்பாவில் இன்று விளம்பரம் செய்யப்படுகிற அதே டாரின்.

அயனிகள் முதல் சில மணி நேரங்களில் போகின்றன. அதற்கு மேல் அவற்றை இழக்க முடியாது, இழந்தால் மின்துடிப்பே நின்றுவிடும். எனவே அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் கரிமப் பொருட்கள் போகின்றன. ஜோசஃப் வெர்பாலிஸும் ஸ்டீவன் கல்லன்ஸும் 1991இல் எலிகளை இரண்டு வாரம் தாழ்ந்த சோடியத்தில் வைத்திருந்து மூளையை அளந்தார்கள். இனோசிடால், கிரியேட்டின், டாரின், குளூட்டமேட் எல்லாம் பெருமளவு குறைந்திருந்தன, குறைந்தபடியே இருந்தன. 1995இல் பிரையன் ராஸின் குழு நாட்பட்ட சோடியக் குறைவு உள்ள மனிதர்களை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, அவர்களுடைய மூளையிலும் இனோசிடால் குறைந்திருப்பதை வெளியிலிருந்தே கண்டது. அளவில் அந்த மூளை சாதாரண மூளை மாதிரிதான். உள்ளிருப்புதான் வேறு.

பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவரைத் திணிக்கும்போது ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்போம். அலுவலகத்தில், குடும்பத்தில், கல்யாணத்தில் நம்மிடையே அதிகம் புழங்கும் அறிவுரையும் அதுவே. அட்ஜஸ்ட் செய்துகொண்டவர் பழையபடிதான் இருக்கிறார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், வெளியே தெரியும் அளவு மாறவில்லை என்பதால். அவர் எதைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த அளவில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. நரம்பு செல்லின் விஷயத்தில் அதைக் கேட்காமல் விட்டதற்கு மருத்துவம் விலை கொடுத்தது.

1959இல் பாஸ்டனைச் சேர்ந்த ரேமண்ட் ஆடம்ஸ், மாரிஸ் விக்டர், எலியட் மன்கால் மூவரும் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். குடிப்பழக்கமும் ஊட்டக்குறைவும் உள்ளவர்கள். மூளைத்தண்டின் நடுவில், பான்ஸ் என்ற பகுதியில், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை ஒரு திட்டாக அழிந்திருந்தது. காரணம் அப்போது தெரியவில்லை. குடி என்றார்கள், சத்துக்குறைவு என்றார்கள். அடுத்த கால் நூற்றாண்டில் விலங்குச் சோதனைகளும் நோயாளிகளின் குறிப்புகளும் சேர்ந்து வேறொரு பக்கம் விரலை நீட்டின. 1986இல் ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸும் சகாக்களும் எழுதிய கட்டுரை அதைப் பலரும் ஒப்புக்கொள்ளும்படி சொன்னது. சோடியம் மிகவும் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். செறிவான உப்புநீர் ஏற்றிச் சீக்கிரமே சரிசெய்யப்பட்டவர்கள். தெளிந்தார்கள், பேசினார்கள். சில நாள் கழித்து நாக்கு குழறியது, விழுங்க முடியவில்லை, கை கால் விழுந்தது. மோசமான நிலையில் கண்ணை மட்டும் அசைக்க முடிகிற, நினைவு முழுதாக இருக்கிற ஓர் உடலாக ஆகிவிடுவதும் உண்டு.

செல்லின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. தாழ்ந்த உப்புக்கு ஏற்றபடி தன் கரிமச் சரக்கையெல்லாம் கொடுத்துவிட்டு அது அளவைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே உப்பு திடீரென்று ஏறுகிறது. இப்போது அது சுருங்குகிறது. பொட்டாசியத்தையும் குளோரைடையும் ஒரு நாளில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். இனோசிடாலும் மற்றவையும் திரும்பி வர நாட்கள் ஆகும்; அவற்றை இழுத்துவரும் புரதங்களையே புதிதாகச் செய்தாக வேண்டும். எலி மூளையில் எந்தப் பகுதிகளில் இந்தச் சரக்கு மிகவும் தாமதமாகத் திரும்பியதோ, அந்தப் பகுதிகளே அதிகம் சேதப்பட்டன. பிரஸ்ஸல்ஸில் 2011இல் செய்த ஆய்வு முதலில் சாவது ஆஸ்ட்ரோசைட் என்று காட்டியது. மயலின் அதன் பின்னால் போகிறது. வெள்ளத்தில் பிழைத்த செல் வெள்ளம் வடிந்த வேகத்தில் சாகிறது.

எனவே 24 மணி நேரத்தில் சோடியத்தை 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டல்கள் வரம்பு கட்டின. தவறி மேலே போய்விட்டால், டாக்டர்கள் குளூக்கோஸ் நீரும் ஹார்மோன் மருந்தும் கொடுத்து வேண்டுமென்றே திரும்பவும் கீழே இறக்குவார்கள். குணமாகிக்கொண்டிருப்பவரை நோய்க்குள் கொஞ்சம் திருப்பி அனுப்புவது. மருத்துவத்தில் இதைவிட அடக்கமான செயல் எனக்குத் தெரிந்து இல்லை. வரம்பைப் பற்றிய விவாதம் முடியவும் இல்லை. டொரண்டோ பகுதி ஆஸ்பத்திரிகளின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அனுமதிகளை ஆராய்ந்து 2023இல் வந்த கட்டுரை, இந்த மயலின் சேதம் 12 பேருக்குத்தான் வந்தது என்றும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு சோடியம் வேகமாக ஏற்றப்படவில்லை என்றும் சொல்கிறது. அளவுக்கு மீறிய நிதானமும் உயிரைக் குடிக்கலாம் என்ற வாதம் இப்போது வலுத்திருக்கிறது. ஆனாலும் நாட்பட்ட குறைவு, மிகத் தாழ்ந்த சோடியம், குடி, ஈரல் நோய், பொட்டாசியக் குறைவு என்று பலவும் கூடி நிற்கும் ஒருவரிடம் அவசரப்படுவதற்கு யாரும் பரிந்து பேசவில்லை.

இத்தனையையும் படித்துக்கொண்டு போகும்போது ஒரு கேள்வி வரும். எல்லா செல்லும் இப்படி அட்ஜஸ்ட் செய்துகொண்டால், ரத்தத்தில் உப்பு மாறியிருப்பதை உடம்புக்கு யார் சொல்வது? கேம்பிரிட்ஜில் எர்னஸ்ட் வெர்னி நாய்களின் கழுத்துத் தமனியில் உப்புக் கரைசல்களைச் செலுத்தி, ஓரிரு சதவீத மாற்றத்தையே உணர்ந்து சிறுநீரை அடக்கும் ஹார்மோனை விடச்செய்யும் உணரி மூளைக்குள் இருக்க வேண்டும் என்று 1947இல் எழுதினார். பிற்பாடு மான்ட்ரியலில் சார்ல்ஸ் பூர்க், ஹைப்போதலாமஸின் பெரிய நரம்பு செல்களே அந்த உணரிகள் என்று காட்டினார். செல் சுருங்கினால் சவ்விலுள்ள ஒரு வகை வாசல் திறக்கிறது, செல் துடிக்கிறது, அந்த ஹார்மோனான வாசோபிரசின் சுரக்கிறது. செல் வீங்கினால் வாசல் மூடுகிறது, செல் அடங்குகிறது.

2003இல் ஜாங்கும் பூர்க்கும் இந்த செல்களை மூளையின் வேறொரு பகுதியின் செல்களோடு ஒப்பிட்டார்கள். மற்றவை உப்பு மாறினால் சிறிது நேரம் அளவு மாறி, பிறகு பழைய அளவைப் பிடிக்கப் பார்த்தன. உணரி செல்களோ உப்பு மாறியிருக்கும்வரை சுருங்கியபடியே, அல்லது உப்பியபடியே இருந்தன. தம்மைச் சரிசெய்துகொள்ளவில்லை. சரிசெய்துகொண்டிருந்தால் சேதி போயிருக்காது. இந்தச் சிறு கூட்டம் செல்கள் அசௌகரியத்தை அசௌகரியமாகவே வைத்திருப்பதால்தான் மற்ற கோடிக்கணக்கான செல்கள் அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய நிலை பெரும்பாலும் வராமலே இருக்கிறது. மோன்பெல்லியேவில் நிக்கோலா உஸ்ஸியின் குழு இன்னொன்றையும் கண்டது. உப்பு இறங்கும்போது பக்கத்து ஆஸ்ட்ரோசைட் வெளியே போடும் டாரின் இந்த உணரி செல்லின் மேல் பட்டு அதை இன்னும் அடக்குகிறது. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குத் தகவல். சகித்துப் பழகிக்கொள்வதை உயர்ந்த குணமாகப் பேசும் ஊரில் வளர்ந்தவனுக்கு, பழகிக்கொள்ள மறுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் இந்த செல்களின் மேல் தனி மரியாதை வருகிறது.

வயதானால் இந்த உணர்தல் பிசகுகிறது. அதன் மேல் நம் வீடுகளில் வேறு சிலவும் சேரும். பிபிக்காக உப்பைக் குறைத்துவிட்ட பெரியவர். தையசைடு கலந்த மாத்திரை (பல மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற எழுத்தாக வருவது பெரும்பாலும் அதுதான்). இரண்டு நாள் வாந்தி. நல்லதென்று குடிக்கவைத்த நிறைய தண்ணீர், கஞ்சித் தெளிவு. ஒருநாள் ஆள் ஒரு மாதிரி பேசுகிறார். பேரன் பெயர் மாறுகிறது. பக்கவாதமோ என்று தூக்கிக்கொண்டு ஓடினால், ‘சோடியம் இறங்கிடுச்சு’ என்கிறார்கள். வீட்டார் உடனே உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டுவருவார்கள். பல பேருக்குக் கோளாறு உப்புப் பற்றாக்குறை அல்ல, தண்ணீர் மிகுதி. அதனால்தான் டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்; பாட்டிக்குத் தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று உறவினர்கள் வராந்தாவில் குறைபடுவார்கள்.

உப்பு மெல்ல இறங்கியிருந்தால் இந்தப் பெரியவர் சோடியம் 115இல் இருந்தும் கட்டிலில் உட்கார்ந்து காப்பி கேட்பார். 2002இல் பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. ஓடும்போதே சில மணி நேரத்தில் தண்ணீரைக் குடித்து உப்பை இறக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த வேகத்தில் இறங்கினால் 120களிலேயே வலிப்பு வந்துவிடக்கூடும். ஓட்டக்காரருக்குச் செறிவான உப்புநீரை உடனே, தயங்காமல் கொடுக்க வேண்டும். பாட்டிக்கு அளந்து அளந்து கொடுக்க வேண்டும். சோதனைச் சீட்டின் எண் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. மூளை அட்ஜஸ்ட் செய்துகொள்ள எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதுதான் சொல்லும். 48 மணி நேரத்துக்குள்ளா, அதற்கு மேலா என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு.

ஆகவே அவசரப் பிரிவில் உங்களிடம் ‘எத்தனை நாளா இப்படி இருக்காங்க?’ என்று கேட்பார்கள். ‘நேத்துலேர்ந்துதான் டாக்டர்’ என்று பழக்கத்தில் சொல்லிவிடாதீர்கள். தடுமாற்றம் முதலில் தெரிந்த நாள், வாந்தி பேதி இருந்ததா, எவ்வளவு தண்ணீர் குடித்தார், குடிப்பழக்கம் உண்டா, கடைசியாக ரத்தம் எடுத்தபோது சோடியம் எவ்வளவு, இவற்றை யோசித்துச் சொல்லுங்கள். சரியாவதற்கு மூன்று நாள் ஆகும் என்று டாக்டர் சொன்னால் இன்றே சரிசெய்யச் சொல்லி நெருக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.